எனக்கு மட்டும் அழி

டொப்புனு ஒரு அடி, டொப்புனு பதிலடி, நடுவுல அந்தப் பொண்ணு மிருதுளாவோட சிரிப்பு. அந்தச் சிரிப்பு வர்றப்பல்லாம் ஷட்டில் கோர்ட்டுக்கு வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்த தணிகாசலம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினாரு. பக்கத்துல ரெண்டு பை. ஒண்ணு அவரு பொண்ணு ஜீவிதாவோடது, இன்னொண்ணு மிருதுளாவோடது. ரெண்டு பைக்குள்ளயும் போனு. பைய பாத்துக்கோப்பான்னுட்டு உள்ள போயிட்டா ஜீவிதா. இங்க எவன் வந்து பைய தூக்கப் போறான்? கேட்டுல காவலு, மூலைக்கு மூலை கேமரா, செவுத்து மேல கம்பி வேலி. சிங்கப்பெருமாள்கோயிலத் தாண்டி, பொட்டக்காட்டுக்கு நடுவுல கட்டி வச்சிருக்கற இந்த நந்தவனம் என்க்ளேவுல, வாசல்ல செருப்ப விட்டா அது வருசம் பூரா அங்கயே கெடக்கும், 'செருப்ப உள்ள வைக்கவும்'னு குரூப்புல போட்டோ வர்ற வரைக்கும். குரூப்பு. பாத்தியா, எங்க சுத்துனாலும் மனசு அங்கதான் வந்து முட்டுது, பிரேக் புடிக்காத வண்டி மாதிரி. மிருதுளா பை உர்ருன்னுச்சு. தணிகாசலம் ஒரு சாண் தள்ளி ஒக்காந்தாரு. அது குரூப்பா, இல்ல பிரியாணிக்காரன் ஆஃபரா? போனு உர்ருங்கும்போது எதுக்கு உர்ருங்குதுன்னு வெளியில ஒரு லைட்டு வச்சிருக்கலாம், இண்டிகேட்டர் மாதிரி. இவ்ளோ கண்டுபுடிச்சவனுங்க அத கண்டுபுடிக்கல.

நடந்தது இவ்ளோதான். தணிகாசலத்துக்கு எழுத வராது. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு நடக்கற மாதிரியே நடந்து காட்டுனதுக்கு வெளிய அனுப்புனாங்க, அவரும் அப்டியே ஆட்டோ ஓட்ட ரோட்டுக்கு வந்துட்டாரு. எழுத்துக்கூட்டிப் படிப்பாரு, அதுவும் கண்ணாடி இருந்தா. அதனால போன்ல எதுவா இருந்தாலும் மைக்கு பட்டன அழுத்திப் புடிச்சிக்கினு பேசிடறது. புளியந்தோப்பு ஆட்டோ ஸ்டாண்டு ஆளுங்களுக்குன்னு ஒரு குரூப்பு இருக்கு. அதுதான் எப்பவும் மேல நிக்கும், ஏன்னா அவனுங்க வாய மூடமாட்டானுங்க. இன்னிக்கு சாயங்காலம் காப்பியக் குடிச்சிட்டு, கண்ணாடியத் தேட சோம்பல்பட்டு, மேல நிக்கறதத் தொட்டு, ஸ்டாண்டு எட்டியப்பனுக்குப் பேசறதா நெனச்சு நிதானமா, ரசிச்சு, நடுநடுவுல அவரே சிரிச்சு, பேசி விட்டுட்டாரு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் யாரோ ஒரு அம்மா, எங்க வீட்டுப் பூந்தொட்டிய நகத்துனது யாருன்னு நந்தவனம் குரூப்புல கேட்டிருக்கு. நந்தவனம் மேல ஏறி ஒக்காந்துக்கிச்சு, ஸ்டாண்டு கீழ எறங்கிருச்சு. ஒரு பூந்தொட்டியால ஒரு மனுசன் குடி முழுகும்னு யாருக்குத் தெரியும்? கண்ணாடியப் போட்டுப் பாத்தா, அவரு பேச்சு நிக்குது, அதுக்கு மேல நந்தவனத்து கேட்டு படம். அழுத்திப் புடிச்சா அழிக்கலாம்னு எட்டி ஒருக்கா சொல்லிக் குடுத்திருக்கான். அழுத்துனாரு. வரி வரியா வந்துச்சு. எழுத்துக்கூட்டுனாரு. 'எல்லாருக்கும் அழி'. 'எனக்கு மட்டும் அழி'. இன்னாடா இதுன்னு யோசிச்சாரு. எல்லாருக்கும் அழின்னா, அவங்கவங்க போன்ல வச்சிருக்கற கல்யாண போட்டோ, கொழந்த போட்டோல்லாமா பூடும்? தப்பு பண்ணது நாம, அடுத்தவன் பொருள்ல எதுக்குக் கை வைக்கணும், நம்மளோடத மட்டும் அழிப்போம். நாணயமான மனுசன். 'எனக்கு மட்டும்'. மறஞ்சிருச்சு. அப்பாடான்னு மூஞ்சியக் கழுவி, துன்னூறு வச்சிக்கினு, பொண்ணு கூட நடந்து வந்து இங்க ஒக்காந்தப்புறம்தான் போன எடுத்தாரு. நந்தவனத்துக்குள்ளயே செண்பகம் தெருவுலேர்ந்து ஒருத்தரு, அவரு பேச்சுக்குப் பதிலா ஒரு கட்டவெரல் போட்டிருந்தாரு. இல்லாத பேச்சுக்கு எவன் கட்டவெரல் காட்டுவான்? அப்பத்தான் ஒறச்சுது. எனக்கு மட்டும்னா, எனக்கு மட்டும்தான். ஊருக்கெல்லாம் இருக்கு, பேசுனவனுக்குத்தான் இல்ல. கட்டவெரலத் தட்டிப் பாத்தாரு, குத்திப் பாத்தாரு, ஒண்ணும் தொறக்கல. ஆக, நந்தவனத்துல அத்தன வீட்டுக்காரனும் தணிகாசலத்தக் கேக்கலாம். தணிகாசலம் மட்டும் கேக்க முடியாது.

இன்னா பேசுனோம்? அதான் கேள்வி. வாயத் தொறந்தா டேங்கு காலியாவற வரைக்கும் ஓட்டறவனுக்கு, எந்தெந்தத் தெருவு வழியா வந்தோம்னு எப்டி ஞாபகம் இருக்கும்? மொதல்ல எட்டி கேட்ட கேள்வியப் புடிச்சு வரணும். எட்டி நேத்து கேட்டான்: இன்னா தலைவா, வில்லா வாழ்க்க எப்டி போவுது? அதுக்குத்தான் பதிலு. நல்லதாதான் ஆரம்பிச்சாரு, அது உறுதி. தண்ணி எந்நேரமும் வருதுடா எட்டி, கொடம்னு ஒரு சாமான் இருந்ததே இந்த வீட்டுப் புள்ளைங்களுக்குத் தெரியாது, கரண்டு போனா நாம கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருது, கொசு கூட கேட்டுல பேரு சொல்லிட்டுத்தான் உள்ள வருது. ராத்திரி பொட்டப் புள்ளைங்க தனியா நடக்குது, எவனும் ஏன்னு கேக்கறதில்ல. எனக்கு அந்தப் பொக இருமலு நின்னே போச்சுடா. இதெல்லாம் சொன்னாரு. இத மட்டும் கேட்டுட்டு ஆஃப் பண்ணிருந்தா கட்டவெரல் போடலாம், தப்பில்ல. ஆனா அடுத்து வண்டி ரூட்டு மாறிருச்சே. சொர்க்கம்டா, பேச்சுத் தொணைக்குத்தான் ஆளில்ல, ரம்பை ஊர்வசியெல்லாம் ஏசியப் போட்டுக் கதவ சாத்திக்கினாங்க. சொன்னாரு. சாயங்காலமானா எல்லாரும் பார்க்க சுத்தறானுங்க, ஒரே பக்கமாத்தான் சுத்தணுமாம், நடுவுல சாமி இல்லாம பிரதட்சணம் பண்ற கூட்டத்த இங்கதான் பாக்கறேன். சொன்னாரு. வெளிய துணி காயப்போடக் கூடாதுடா, ஜட்டிய வீட்டுக்குள்ள காயவச்சு அதுக்கு அடியில ஒக்காந்து டிவி பாக்கறேன். அதையும் சொன்னாரு. அதோ பார்க்கச் சுத்தி நடக்கற டிராக்குல வர்ற அந்தம்மா, டீ ஷர்ட்டும் தொப்பியுமா, இவரப் பாத்து சிரிச்சிட்டுப் போவுது. எப்பவும் சிரிக்குமா அது? நேத்து சிரிச்சுதா? இது வெறும் சிரிப்பா, ஜட்டி சிரிப்பா? பின்னாடி வந்த ஆளு சிரிக்கல. சிரிக்காதவன்தான் இன்னும் மோசம், அவன் கேட்டுட்டு கோவமா போறான். இல்ல, காதுல ஏதோ மாட்டியிருக்கான். அந்தக் காதுக்குள்ள என்னா ஓடுது? நம்ம கொரலுதான் ஓடுதோ?

அது போவட்டும். செகரட்டரி சீதாராமன் சாரு இருக்காரே. பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, இந்த அசோசியேசனுக்கு இப்ப அவருதான் எல்லாம். கொழாயில தண்ணி சொட்டுனாலும் 'ஆஸ் பெர் பைலா'ன்னுதான் ஆரம்பிப்பாரு. அவரு கொரல்ல பேசிக் காட்டுனாரு தணிகாசலம், மூக்கால. அப்புறம் அவரு நடக்கறதச் சொன்னாரு, முன்சக்கரம் பஞ்சரான வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கினு வர்ற மாதிரின்னு. கேட்டா சீதாராமன் சாரு கோவப்படுவாரு. பட்டா பட்டுட்டுப் போறாரு. மிஞ்சிப்போனா குரூப்புல இருந்து தூக்குவாரு, மாப்ளைக்கு ஒரு ஓல அனுப்புவாரு. மாப்ள தங்கமான புள்ள, சாப்படறப்ப தலைய நிமுத்தாம 'மாமா, கொஞ்சம் பாத்துப் பேசுங்க மாமா'ன்னு சொல்லும், அவ்ளோதான். அந்த 'கொஞ்சம்'ல தணிகாசலத்துக்குச் சோறு எறங்காது, பொண்ணு குடுத்த வீட்டுல ஒக்காந்து சாப்படறவனுக்குத் தொண்ட எப்பவும் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும், ஆனா அதையும் முழுங்கிடலாம். தன் மானம் தானே. போனா போவட்டும், அது ஒண்ணும் புதுசு இல்ல. பயம் அது இல்ல. பயம் உள்ள ஷட்டில் ஆடிக்கினு இருக்குது.

டொப்பு. சிரிப்பு. பயம் அங்கதான். இந்த வீட்டுக்கு வந்த புதுசுல ஜீவிதா எப்டி இருந்தா? மாப்ள காலையில போனா இருட்டுனப்புறம்தான் வருவாரு. இவளுக்கு வீட்டுலயே வேல, கம்ப்யூட்டர் முன்னாடி. புளியந்தோப்புல பொறந்த பொண்ணு, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துல என்ன சட்டினின்னு சொல்லுவா. அவள கொண்டாந்து இங்க வச்சா, எதிர் வீட்டுல மனுசங்க இருக்காங்களா இல்லியான்னே தெரியாது. எல்லா வீடும் ஒரே வெள்ள, எல்லா கதவும் ஒரே சாத்து. ஞாயித்துக்கெழம போன்ல பேசறப்ப, 'ம்', 'ம்', 'சாப்ட்டேன்'. அவ்ளோதான் பேச்சு. அவங்கம்மா போனப்ப கூட அவ்ளோ கம்மியா பேசல அவ. ஒரு நா தணிகாசலம் பாக்க வந்தாரு, கொழா தொறந்தபடி இருக்கு, சிங்க்கு நெறஞ்சு வழியுது, பக்கத்துல நின்னு தண்ணியவே பாத்துக்கினு நிக்கறா. கூப்ட்டாரு, திரும்பல. அன்னிக்குத்தான் ஆட்டோவ எட்டிகிட்ட குடுத்துட்டு, ரூமக் காலி பண்ணிட்டு, பொண்ணு வீட்டோட வந்து ஒட்டிக்கினாரு. ஊருல எல்லாரும், தணிகாசலம் வில்லாவுல செட்டில் ஆயிட்டாருன்னானுங்க. வந்து ஜோக்கடிச்சாரு, டான்ஸு கூட ஆடுனாரு, மாப்ள மாதிரி நடந்து காட்டுனாரு. 'ம்'ன்னா. அப்பன் ஜோக்குல சரியாவலங்க அது. மூணாவது வீட்டு மிருதுளா ஒரு நா கதவத் தட்டி, எனக்கு ஆட ஆளில்ல, உங்களுக்கு ஷட்டில் தெரியுமான்னு கேட்டா. அதுல சரியாச்சு. இப்ப குளிக்கறப்ப பாட்டு வருது உள்ளேர்ந்து. நேத்து தணிகாசலத்தையே கிண்டல் பண்றா, ப்பா உன் தொப்பைக்கு தனியா மெயின்டனன்ஸ் கேக்கப் போறாங்கன்னு. இத்தன பெரிய நந்தவனத்துல அவளுக்குன்னு இருக்கறது இந்த ஒரே ஒரு ஜீவன். அதப் பத்தி இவரு எட்டிகிட்ட இன்னா சொன்னாரு? பொண்ணுக்கு ஒரு கூட்டாளி கெடச்சுதுடா, நல்ல பொண்ணு, ஆனா சிரிச்சா நம்ம பழைய வண்டிய குளுருல கிக்கர் ஒதைக்கற மாதிரி, அஞ்சாறு ஒதைக்கு அப்புறம்தான் புடிக்குதுன்னு சொன்னாரு. சொன்னத நெனச்சா இப்பவும் லேசா சிரிப்பு வருது, அத நெனச்சா அழுக வருது. சரி, அதுக்குக் கூட அந்தப் பொண்ணு சிரிச்சிரும். நல்ல மனசு. அதுக்கு அப்புறம்? அதுக்கு அப்புறம் இன்னா சொன்னோம்?

அங்கதான் வந்து மாட்டுது. ஏன்னா மிருதுளா வீட்டுக்காரரு அமெரிக்காவுல ப்ராஜெக்டுல இருக்காருன்னுதான் நந்தவனம் முழுக்க நெனப்பு. அப்டித்தான் அவ சொல்லி வச்சிருக்கா. ஒரு நா தணிகாசலம், வீட்டுக்காரரு வர்றப்ப நமக்கு ஒரு சாக்லேட்டு சொல்லுங்கம்மான்னு கேட்டுத் தொலைச்சாரு, அந்தப் பொண்ணு மூஞ்சி சுவிச்ச ஆஃப் பண்ண மாதிரி ஆயிடுச்சு. வீட்டுக்கு வந்ததும் ஜீவிதா கதவ சாத்திட்டு சொன்னா. அமெரிக்காவும் இல்ல ஒண்ணும் இல்ல, அவன் வேற ஒருத்தியோட பூந்தமல்லியில இருக்கான், கேஸு நடக்குது, அவங்கம்மாவுக்கே இன்னும் தெரியாது. அவ என்கிட்ட மட்டும்தான்ப்பா சொல்லியிருக்கா. உன் வாய நீ மூடிக்கினு இருக்கணும். சத்தியமா மூடிக்கினாரு. நந்தவனத்துக்குள்ள மூடிக்கினாரு. ஆனா எட்டியப்பன் நந்தவனத்துல இல்லியே. எட்டிகிட்ட சொல்றது செவுத்துகிட்ட சொல்ற மாதிரி, பூந்தமல்லி ரூட்டுல சவாரி போறவன் வேற. சொன்னாரு. அது நல்லா ஞாபகம் இருக்கு, 'அமெரிக்கா பூந்தமல்லியிலதான்டா இருக்கு எட்டி'ன்னு சொன்னது, அவன் சிரிச்சது. சிரிச்சானா? சிரிச்சது கேட்டுதுன்னா அது போன்ல நேரா பேசுனது, அப்ப முந்தாநேத்து, அப்ப பொழச்சோம். இல்ல, அவன் சிரிப்பான்னு நெனச்சுக்கினு நாமளே சிரிச்சதா? அப்ப இன்னிக்கு. அப்ப முடிஞ்சுது. முந்தாநேத்து சொன்னத இன்னிக்கு மறுபடியும் சொல்லியிருந்தா? சொல்லக்கூடிய ஆளுதான். நல்ல ஜோக்கு ஒண்ணு கெடச்சா டயர் தேயற வரைக்கும் ஓட்டற ஆளு. கிக்கர் ஒதைக்கறதச் சொல்லிட்டு, வாய் அப்டியே வழுக்கிக்கினு பூந்தமல்லிக்குப் போயிருக்குமா? போயிருக்கும்னு நெனச்சா நாக்குல அந்த வார்த்த இன்னும் ஈரமா இருக்கற மாதிரி இருக்கு. போயிருக்காதுன்னு நெனச்சா அதுவும் அப்டித்தான் இருக்கு. ஜீவிதா பை உர்ருன்னுச்சு. ஒடனே மிருதுளா பையும். ரெண்டும் ஒண்ணா உர்ருன்னா அது குரூப்புதான், வேற இன்னா. போன எடுத்து அணச்சிடலாமா? அணைச்சா ஆட்டம் முடிஞ்சி வந்து போடுவாளுங்க. தூக்கி அதோ அந்த அலங்காரத் தண்ணித் தொட்டியில போட்டுட்டா? கேமரா இருக்கு. திருடன் வராம இருக்க வச்ச கேமரா, ஒரு அப்பன் பொண்ணக் காப்பாத்தறதுக்கும் தடையா நிக்குது. ஜீவிதாகிட்டயே போயி, ம்மா, அப்பா தப்பு பண்ணிட்டேன், உன் போன்ல அதப் போட்டுக் கேளுன்னா? கேப்பா. கேட்டுட்டு, பூந்தமல்லி இருந்துச்சுன்னா, திட்ட மாட்டா. அதான் பயம். திரும்பவும் கொழாயத் தொறந்து வச்சிக்கினு தண்ணியப் பாத்துக்கினு நிப்பா.

யாரோ முன்னாடி வந்து நின்னாங்க. செருப்பப் பாத்து, பேன்ட்டப் பாத்து, மேல பாத்தா சீதாராமன் சாரு. டிராக்க விட்டு எறங்கி வந்திருக்காரு. தணிகாசலம் எந்திரிச்சாரு, பையி ரெண்டையும் நெஞ்சோட அணச்சுக்கினு.

"மிஸ்டர் தணிகாசலம், குரூப்ல ஏதோ நீளமா வாய்ஸ் போட்டிருக்கீங்களே."

"கேட்டீங்களா சார்?"

"நான் வாய்ஸ் எல்லாம் கேக்கறதில்ல. இங்க யாரும் கேக்கறதில்ல. கம்ப்ளைன்ட்னா எழுத்துல குடுங்க."

யாரும் கேக்கறதில்ல. அப்ப அந்தக் கட்டவெரலு? கேக்காமயே போட்டதா? இவ்ளோ நல்ல ஊரா இது? தணிகாசலத்துக்கு அவரு கால்ல விழலாம் போல இருந்துச்சு, அந்தக் காலப் பத்தி பேசுனது ஞாபகம் வந்து நிறுத்திக்கினாரு. தப்பா வந்துடுச்சு சார், அத எடுத்துட முடியுமான்னு கேட்டாரு. அட்மின்னா முடியும், எல்லாருக்குமே எடுத்துடலாம்னாரு சீதாராமன். போன வெளிய எடுத்தவரு அப்டியே நிறுத்துனாரு. ஒரு மெம்பர் போட்டத என்ன ஏதுன்னு தெரியாம எடுக்க முடியாதே, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா நான்தானே பதில் சொல்லணும், ஆஸ் பெர் பைலா. மூக்காலதான் சொன்னாரு. ரொம்ப சரியாத்தான் பேசிக் காட்டியிருக்கோம்னு ஒரு பெருமை வந்து அந்த நிமிசமே செத்துச்சு. உள்ள ஆட்டத்துல ஏதோ சண்ட, கோட்டுக்கு வெளிய உள்ளன்னு, ரெண்டு பேரும் சிரிச்சிக்கினே கத்தறாளுங்க. கடைசிப் பாயின்ட்டு போல. நேரம் இல்ல.

"அப்ப கேளுங்க சார்," ன்னாரு தணிகாசலம். "ஸ்பீக்கர்ல வேணாம். காதுல வச்சிக் கேளுங்க. உங்களப் பத்தியும் இருக்கு. எது வேணா திட்டிக்கங்க, ஆனா எடுத்துடுங்க."

சீதாராமன் போன காதுல வச்சாரு. தன் கொரலு அடுத்தவன் காதுக்குள்ள ஓடறத வெளியில நின்னு பாக்கறது இருக்கே, ஆபரேசன் தேட்டரு வாசல் பெஞ்சு கூட அதுக்குத் தேவல. ஒரு வார்த்த காதுல விழல. எறும்பு பேசற மாதிரி ஒரு இரைச்சல். தணிகாசலம் அவரு மூஞ்சியத்தான் படிச்சாரு, எழுத்துக்கூட்டி. புருவம் தூக்குனாரு, தண்ணி கரண்டு. ஒதடு கோணுச்சு, ரம்பை ஊர்வசி. மூக்க சொறிஞ்சாரு, ஜட்டி. அப்புறம் ஒண்ணுமே அசையல, கல்லு மாதிரி. அதான் அவரு பகுதி. தணிகாசலம் தரையப் பாத்தாரு. மறுபடி நிமுந்தப்ப சீதாராமன் வாயி லேசா விரிஞ்சிருந்துச்சு, கிக்கரா அது? அதுக்கு அப்புறமும் ஓடுச்சு இரைச்சல். ஓடுச்சு, ஓடுச்சு, நின்னுச்சு. எங்க நின்னுச்சு? எதுல நின்னுச்சு?

"முட்டி ஆபரேஷன் பண்ணது," ன்னாரு சீதாராமன், ரொம்ப மெதுவா. "எடது கால் அவ்ளோ இழுக்குதா?"

"இல்ல சார். நான் பொல்லாதவன் சார்."

சீதாராமன் போன்ல வெரல வச்சாரு, தடவுனாரு, திருப்பிக் காட்டுனாரு. எடுத்தாச்சு, எல்லாருக்கும். அங்க இப்ப பூந்தொட்டியும் அந்தக் கட்டவெரலும்தான் பாக்கி. தணிகாசலம் பையி ரெண்டையும் எறக்கி வச்சிட்டு பெஞ்சுல ஒக்காந்தாரு. பொழச்சோம். பொழச்சோமா? எடுத்தாரு, சரி, ஆனா இவரு கேட்டாரே. பூந்தமல்லி இருந்திருந்தா இப்ப இவருக்குத் தெரியும். இவரு வாய அடைக்கணுமே, இவரு வீட்டம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கணுமே. இருந்துச்சா இல்லியான்னு ஒரு வார்த்த தெரிஞ்சா போதும், ராத்திரி தூங்கிடலாம், ஒரே ஒரு வார்த்த. உள்ள ஆட்டம் முடிஞ்சு வலைய அவுக்கற சத்தம். நாக்கு எப்பவும் போல மனசுக்கு முன்னாடி போயி நின்னுச்சு.

"சார், அதுல நம்ம மிருதுளாம்மா வீட்டுக்காரரப் பத்தி ஏதாச்சும் வந்துச்சா?"

சீதாராமன் யோசிச்சாரு. நேர்மையா, முழுசா, பேங்குல கையெழுத்தப் பாக்கற மாதிரி யோசிச்சாரு.

"இல்லியே," ன்னாரு. "அவரப் பத்தி ஒண்ணுமே இல்ல. ஏன், அவருக்கு என்ன?"

கதவு தொறந்து ரெண்டு பொண்ணுங்களும் துண்டால மூஞ்சியத் தொடச்சிக்கினே வெளிய வந்தாளுங்க. ஜீவிதா, ப்பா தண்ணி பாட்டில எடுன்னு கைய நீட்டிக்கினே வர்றா. தணிகாசலம் வாயத் தொறந்தாரு. புளியந்தோப்புல எந்த போலீஸ்காரன் நிறுத்துனாலும் அவன் கேட்டு முடிக்கறதுக்குள்ள ஒரு பதில் ரெடியா வச்சிருந்த வாயி. ஒண்ணும் வரல. சீதாராமன் சாரு எடது கால மெதுவா நீட்டி, இந்த ஊருக்கு வந்த நாளா யாரும் ஒக்காராத எடத்துல, தணிகாசலத்துக்குப் பக்கத்துல, பெஞ்சுல ஒக்காந்து, காத அவரு பக்கமா சாச்சுக்கினாரு.

"சொல்லுங்க," ன்னாரு.